ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்கள்: தரவு எந்த இடத்தில் தொலைகிறது?

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்துக்கொள்வது இன்று புதுமையல்ல. பாடத்துக்கும் நிரல் எழுதிப் பழகவும் லினக்ஸ், மற்ற வேலைகளுக்கு விண்டோஸ் என்று பொறியியல் மாணவர் பலர் இரண்டையும் நிறுவிக்கொள்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவும் இரண்டையும் சுமந்தே வந்தன. மேக் வைத்திருப்போர் விண்டோஸையும் சேர்த்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. இப்படிச் சேர்த்து வைத்தவர்களில் சிலர் ஏதோ ஒரு நாளில் புகைப்படங்களையும் ஆய்வேட்டையும் கணக்குகளையும் மொத்தமாக இழந்து நிற்கிறார்கள். “லினக்ஸ் போட்டேன் சார், டி டிரைவையே காணோம்” என்பது கணினி பழுதுபார்க்கும் கடைகளுக்குப் பழகிப்போன முறையீடு.

இந்த இழப்புகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் “பார்ட்டிஷன் கெட்டுவிட்டது” என்பது. அது பாதி உண்மைதான். நாற்பது ஆண்டுக்கால அனுபவத்தைத் திரட்டிப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. முதலில் நேரும் பிழை பெரும்பாலும் மிகச் சிறியது. சில பைட்டுகளைத் தாண்டாது. தரவு அழிவது அதற்கு அடுத்த படியில், அந்தப் பிழையைச் சரிசெய்யக் கிளம்பும் அவசரத்தில். எந்தெந்த வழிகளில் முதல் பிழை நேர்கிறது, அது எப்படிப் பேரிழப்பாக வளர்கிறது, எங்கே இந்த விதி பொய்க்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் செக்டாரில் 64 பைட்

1983-இல் வெளிவந்த ஐபிஎம் பிசி டாஸ் 2.0 ஹார்ட் டிஸ்க்கைப் பல பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தது. வட்டின் முதல் செக்டார் 512 பைட். அதில் 446 பைட் கணினியைக் கிளப்பும் சிறு நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாள முத்திரைக்கு. அந்த 64 பைட்டுக்குள் நான்கே பதிவுகள், ஒவ்வொன்றும் 16 பைட். எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த வகை என்பதற்கு மேல் அதில் பெரிதாக எதுவும் இல்லை. எம்பிஆர் என்று நாம் அழைப்பது இந்தச் செக்டாரைத்தான்.

பட்டாவில் பெயர் மாறிவிட்டதால் வயலில் நிற்கும் நெல் அழிந்துவிடாது. அட்டவணையிலிருந்து ஒரு பதிவு காணாமல் போனாலும் வட்டில் உள்ள கோப்புகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. தொந்தரவு எங்கே என்றால், இந்த அட்டவணையை எல்லா இயங்குதளங்களும் ஒரே மாதிரி படிப்பதில்லை.

வகையைக் குறிக்கும் ஒற்றை பைட்டையே எடுத்துக்கொள்வோம். 82 என்ற பதினறும எண்ணை லினக்ஸ், நினைவகத்துக்குத் துணையான தன் ஸ்வாப் பகுதிக்கு வைத்துக்கொண்டது. அதே எண்ணை இன்டெல் கணினிகளில் ஓடிய சோலாரிஸும் தன் முழுப் பார்ட்டிஷனுக்கு வைத்திருந்தது. சோலாரிஸ் இருந்த கணினியில் லினக்ஸ் நிறுவியவர்களுக்கு, அந்தப் பகுதி எழுதித் தள்ளத் தக்க ஸ்வாப் இடமாகவே தெரிந்தது. பிறகு சோலாரிஸ் வேறு எண்ணுக்கு மாறியது. யாரும் தவறு செய்யவில்லை. எண்ணைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொது அதிகாரம் ஒன்று இல்லாததன் விளைவு அது.

நான்கு பதிவுகள் போதாமல் போனபோது நீட்டிப்புப் பார்ட்டிஷன் என்ற ஏற்பாடு வந்தது. அதற்குள் உள்ள ஒவ்வொரு லாஜிக்கல் டிரைவும் தனக்கென ஒரு சிறு அட்டவணை வைத்துக்கொண்டு, அடுத்தது எங்கே இருக்கிறது என்று காட்டும். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பிறகு உள்ளவை எல்லாம் கண்ணில் படாமல் போகும். ஒரு மென்பொருள் இந்தச் சங்கிலியை மாற்றி எழுதியபோது தொலைந்த ‘இ’ டிரைவுகளும் ‘எஃப்’ டிரைவுகளும் ஏராளம்.

இதில் மிகவும் படிப்பினை தருவது விண்டோஸுக்குள்ளேயே நடந்த மோதல். எக்ஸ்பி வரை முதல் பார்ட்டிஷன் 63-ஆம் செக்டாரில் தொடங்கும். மற்றவையும் பழைய சிலிண்டர் எல்லைகளை ஒட்டியே அமையும். விஸ்டா அந்த வழக்கத்தைக் கைவிட்டு 2048-ஆம் செக்டாரில், அதாவது 1 மெபிபைட் எல்லையில் தொடங்கியது. புதுவகை வட்டுகளுக்கு அதுதான் பொருத்தம். ஆனால் விஸ்டாவோ 7-ஓ அமைத்த வட்டை எக்ஸ்பியின் வட்டு நிர்வாகக் கருவியில் திறந்து, ஒரு பகுதியைச் சேர்த்தாலோ நீக்கினாலோ எந்தப் பகுதியிலிருந்து பூட் ஆக வேண்டும் என்று மாற்றினாலோ, லாஜிக்கல் டிரைவுகள் அட்டவணையிலிருந்தே மறையக்கூடும் என்று மைக்ரோசாஃப்ட்டே எச்சரிக்க வேண்டியிருந்தது. ஒரே நிறுவனத்தின் இரண்டு தலைமுறைகளுக்குள் நிலைமை இப்படி என்றால், வெவ்வேறு நிறுவனங்களுக்கிடையே சொல்ல வேண்டியதில்லை.

2004 மே மாதம் ஃபெடோரா கோர் 2 வெளிவந்தது. விண்டோஸ் எக்ஸ்பி இருந்த கணினியில் அதை நிறுவிய பலருக்கு விண்டோஸ் கிளம்பவில்லை. லினக்ஸ் கர்னல் 2.6 வட்டின் பழைய வடிவ அளவுகளைக் கணிக்கும் முறையை மாற்றியிருந்தது. நிறுவும் கருவி அந்தப் புது அளவுகளை அட்டவணையில் எழுதிவிட்டது. பழைய அளவுகளையே நம்பியிருந்த விண்டோஸின் பூட் நிரல் தடுமாறியது. கோப்புகள் அத்தனையும் அப்படியே இருந்தன. பயாஸ் அமைப்பில் ஓர் இடத்தை மாற்றினாலோ, அட்டவணையில் அந்த அளவுகளைத் திருத்தி எழுதினாலோ சரியாகிவிடும். அது தெரியாமல் விண்டோஸ் சிடியைப் போட்டு, ‘சி’ டிரைவை ஃபார்மட் செய்து, புதிதாக நிறுவியவர் தாமே தம் தரவை அழித்தார். நான் மேலே சொன்ன இரண்டாம் படி இதுதான்.

ஜிபிடி வந்தும் தீராதவை

எம்பிஆர் தொடக்க இடத்தையும் நீளத்தையும் 32 பிட் எண்ணாக எழுதுகிறது. ஒரு செக்டார் 512 பைட் என்றால் 2 டெபிபைட்டுக்கு மேல் அதனால் எட்ட முடியாது. இந்த வரம்பைத் தாண்டவும் பிற குறைகளைப் போக்கவும் இன்டெல் தன் இஎஃப்ஐ திட்டத்தோடு சேர்த்து வடிவமைத்தது ஜிபிடி. வழக்கமாக 128 பதிவுகளுக்கு இடம், சேதத்தைக் கண்டறியச் சரிபார்ப்புத் தொகை, வட்டின் கடைசியில் முழு அட்டவணைக்கும் ஒரு நகல். பழைய கருவிகள் வட்டைக் காலி என்று எண்ணிவிடாதபடி, முதல் செக்டாரில் “இது முழுவதும் ஒதுக்கப்பட்டுவிட்டது” என்று காட்டும் போலி எம்பிஆர் ஒன்றும் உண்டு. வடிவமைப்பில் குறை சொல்ல அதிகம் இல்லை. குறை, அதைப் பயன்படுத்திய விதத்தில்.

ஜிபிடியில் வகையைக் குறிப்பது ஒற்றை பைட் அல்ல, 128 பிட் நீளமுள்ள அடையாளம். எனவே மோதலுக்கே வழியில்லை என்று தோன்றும். ஆனால் லினக்ஸ் கருவிகள் தங்கள் தரவுப் பகுதிகளுக்கு மைக்ரோசாஃப்ட்டின் சாதாரணத் தரவுப் பகுதிக்கான அடையாளத்தையே பல ஆண்டுகள் இட்டுவந்தன. விளைவாக, விண்டோஸ் கிளம்பும்போது லினக்ஸின் பகுதி தனக்குச் சொந்தமான, ஆனால் இன்னும் ஃபார்மட் செய்யாத டிரைவாக அதற்குத் தெரிந்தது. எழுத்து ஒன்றை ஒதுக்கிக் காட்டியது. சொடுக்கினால், பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்றது. எதிரே இருப்பவர் ‘சரி’ என்பதை அழுத்தினால் லினக்ஸ் போயிற்று. 2011 வாக்கில், ஜிடிஸ்க் கருவியை எழுதிய ராட் ஸ்மித்தின் முயற்சியில் லினக்ஸ் கோப்பு முறைமைக்கெனத் தனி அடையாளம் பிறந்தது. அதற்கு முன் பிரிக்கப்பட்ட வட்டுகள் இன்னும் எங்கேயாவது ஓடிக்கொண்டிருந்தால் அந்த ஆபத்தும் கூடவே ஓடுகிறது.

மேக்கில் நடந்தது இதைவிடச் சிக்கல். 2006-இல் ஆப்பிள் பூட் கேம்ப்பை வெளியிட்டபோது மேக் ஜிபிடியில் இருந்தது. அன்றைய விண்டோஸ் எம்பிஆரிலிருந்துதான் அதில் பூட் ஆகும். எனவே ஒரே வட்டில் இரண்டு அட்டவணைகளும் ஒன்றையே சொல்லும்படி ஒரு கலப்பு ஏற்பாடு செய்தார்கள். மேக் ஜிபிடியைப் படிக்கும், விண்டோஸ் எம்பிஆரைப் படிக்கும். ஒரு பக்கத்தில் மாற்றம் செய்தால் மறுபக்கத்துக்குத் தெரியாது. விண்டோஸின் கருவியில் பகுதியைச் சுருக்கிப் புதிய டிரைவ் உண்டாக்கியவரும், மேக்கின் டிஸ்க் யுட்டிலிட்டியில் மூன்றாவது பகுதி சேர்த்தவரும், ஒரு பக்கம் கிளம்பாமல் தவித்தார்கள். ஒரே நிலத்துக்கு இரண்டு ஆவணம் என்பது எந்தக் காலத்திலும் நல்ல யோசனை அல்ல.

விண்டோஸின் டைனமிக் டிஸ்க் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பலரைச் சிக்க வைத்தது அது. விண்டோஸ் 7 காலத்து மடிக்கணினிகள் சில, கடையிலிருந்து வரும்போதே நான்கு முதன்மைப் பகுதிகளும் நிரம்பியே வந்தன: பூட் பகுதி, ‘சி’, மீட்புப் பகுதி, தயாரிப்பாளரின் கருவிகள். ‘சி’யைச் சுருக்கி லினக்ஸுக்கு இடம் ஒதுக்கப் போனால், வட்டை டைனமிக்காக மாற்றவா என்று விண்டோஸ் கேட்கும். சம்மதித்த நொடியில் அட்டவணை விண்டோஸ் மட்டுமே முழுமையாக அறிந்த வேறு முறைக்கு மாறிவிடும். பழைய நிலைக்குத் திரும்ப மைக்ரோசாஃப்ட் சொல்லும் வழி, எல்லாப் பகுதிகளையும் அழித்துவிட்டுத் தொடங்குவது.

வெளி வட்டுகளில் இன்னொரு மாயம் உண்டு. 2 டெபிபைட்டுக்கு மேற்பட்ட வட்டுகளை எக்ஸ்பியிலும் ஓட வைப்பதற்காக, சில யுஎஸ்பி பெட்டிகள் செக்டாரை 4096 பைட் என்று காட்டின. வட்டைப் பெட்டியிலிருந்து கழற்றி நேரடியாகக் கணினியில் மாட்டினால் செக்டார் 512 ஆகிவிடும். அட்டவணையில் உள்ள அதே எண்கள் இப்போது வேறு இடங்களைக் காட்டும். வட்டு காலியாகத் தெரியும். மறுபடி அதே பெட்டியில் வைத்தால் எல்லாம் திரும்பிவிடும்.

தெரியாததைக் காலி என்பது

மேலே உள்ள எல்லாவற்றிலும் ஓடும் பொது இழை, ஓர் இயங்குதளம் தனக்குப் புரியாத பகுதியைப் பற்றிப் பயனருக்குச் சொல்லும் விதம். விண்டோஸின் வட்டு நிர்வாகக் கருவி லினக்ஸின் இஎக்ஸ்டி4 பகுதி ஒன்றைக் கோப்பு முறைமையின் பெயர் இல்லாமல், நூறு சதவீதம் காலி என்று காட்டும். விண்டோஸ் நிறுவும் திரையில் அது வெறும் எண்ணும் அளவுமாக நிற்கும். மேக்கோ தனக்குப் புரியாத வட்டைச் செருகியவுடன் படிக்க முடியவில்லை என்று அறிவித்து, தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் பொத்தானையும் பக்கத்திலேயே வைக்கிறது. “எனக்குத் தெரியவில்லை” என்று சொல்ல வேண்டிய இடத்தில் “இதில் ஒன்றுமில்லை” என்ற பொருள்படச் சொல்லும் மென்பொருள், என் பார்வையில், தரவிழப்புக்கு நேரடிப் பொறுப்பாளி. பயனரின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிடுவது நியாயமல்ல.

குறியாக்கம் செய்த வட்டில் இதன் விலை மிக அதிகம். லினக்ஸின் லக்ஸ் முறையில் முழு வட்டையும் பார்ட்டிஷன் இல்லாமலேயே பூட்டி வைப்போர் உண்டு. அதை விண்டோஸில் மாட்டினால் அட்டவணையே இல்லாத புது வட்டாகத் தெரியும். தொடக்க நிலைக்குக் கொண்டுவரவா என்று கேட்கும். சம்மதித்தால் எழுதப்படுவது ஒரு சில செக்டார்கள்தான். ஆனால் அவை லக்ஸின் தலைப்புப் பகுதி இருக்கும் இடம். சாவிகள் பதிந்த பகுதி அழிந்துவிட்டால், கடவுச்சொல் நினைவில் இருந்தும் பயனில்லை. மீதியுள்ள கோடிக்கணக்கான பைட்டுகளை எவராலும் திறக்க முடியாது. லக்ஸ் பயன்படுத்துபவர் தலைப்பின் நகலை வேறிடத்தில் வைத்துக்கொள்வது கட்டாயம். வட்டு முழுவதையும் பூட்டுவதைவிட, ஒரு பார்ட்டிஷன் உண்டாக்கி அதைப் பூட்டுவது நல்லது.

அணைந்ததாகத் தோன்றும் விண்டோஸ்

இதுவரை சொன்னவை அட்டவணை பற்றியவை. அட்டவணை சரியாக இருந்தும் தரவு கெடும் வழி ஒன்று 2012-இல் திறந்தது. அதுவே இன்று இரட்டை பூட் வைத்திருப்போருக்கு முதன்மையான ஆபத்து என்று கருதுகிறேன்.

விண்டோஸ் 8 விரைவாகக் கிளம்புவதற்காக ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதியைக் கொண்டுவந்தது. கணினியை ‘ஷட் டவுன்’ செய்தால் பயனரின் நிரல்கள் மூடப்படும். ஆனால் கர்னலின் நிலை அப்படியே ஒரு கோப்பில் எழுதி வைக்கப்படும். அடுத்த முறை கிளம்பும்போது விண்டோஸ் அதை நினைவகத்துக்கு ஏற்றிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த நிலையில், விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் உள்ள பகுதிகளின் கோப்பு விவரங்கள் பற்றிய அதன் நினைவும் அடக்கம்.

இடையில் லினக்ஸைக் கிளப்பி, பொதுவாக வைத்திருக்கும் ‘டி’ டிரைவில் ஒரு கட்டுரையைச் சேமிக்கிறீர்கள். வட்டில் அது எழுதப்பட்டாயிற்று. பிறகு விண்டோஸ் விழிக்கிறது. அதன் நினைவில் அந்தக் கோப்பு இல்லை. அந்த இடம் காலி என்றே அது அறியும். தன் பழைய விவரங்களை வட்டில் எழுதும்போது புதிய கோப்பு மறையலாம், கோப்பகம் குலையலாம், இரண்டு கோப்புகள் ஒரே இடத்தை உரிமை கொண்டாடலாம். பின்னர் விண்டோஸின் வட்டுச் சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க் வந்து முரண்பாட்டைத் தீர்க்கும்போது ஒன்றைப் பலிகொடுக்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராமல் வேலை தொலைவது இப்படித்தான்.

லினக்ஸில் என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற இயக்கி இதற்குக் காவல் நிற்கிறது. விண்டோஸ் உறங்கும் அடையாளம் கண்டால் எழுத மறுக்கும். நல்ல குணம். ஆனால் அந்த மறுப்பை வெறும் தொந்தரவாக நினைத்து, உறக்கக் கோப்பை அழித்துவிட்டுக் கட்டாயமாக இணைக்கும் கட்டளையைத் தேடி எடுத்து ஒட்டுகிறவர்கள் பலர். காவலை மீறிய பிறகு நடப்பதற்கு இயக்கி பொறுப்பல்ல. செய்ய வேண்டியது எளிது: விண்டோஸின் மின்சார அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். பெரிய அப்டேட்டுகளுக்குப் பிறகு ஒருமுறை சரிபாருங்கள். அதை அணைக்கும்வரை, லினக்ஸுக்குப் போகும்போது ‘ஷட் டவுன்’ செய்யாமல் ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். ரீஸ்டார்ட்டில் இந்த உறக்கம் இல்லை.

லினக்ஸ் பக்கத்திலும் இதற்கு இணை உண்டு. இரண்டு லினக்ஸ் வகைகள் ஒரே ஸ்வாப் பகுதியைப் பங்கிட்டுக்கொண்டு, ஒன்று அதில் தன் நினைவகத்தை எழுதி உறங்கினால், மற்றொன்று கிளம்பி அதன்மேல் எழுதிவிடும்.

என்டிஎஃப்எஸ்ஸின் உள்ளமைப்பை மைக்ரோசாஃப்ட் முழுமையாக வெளியிட்டதில்லை. லினக்ஸ் உலகம் அதை ஆராய்ந்து ஆராய்ந்தே கற்றது. 2007-இல் என்டிஎஃப்எஸ்-3ஜி நிலையான பதிப்பாக வரும்வரை லினக்ஸிலிருந்து என்டிஎஃப்எஸ்ஸில் தாராளமாக எழுதுவது துணிச்சலான காரியம். 2021-இல் பாரகான் நிறுவனம் கொடுத்த இயக்கி கர்னல் 5.15-இல் சேர்ந்தது. எழுதுவது இன்று நம்பகமாக நடக்கிறது; பழுதுபார்ப்பது அப்படியல்ல. குலைந்த என்டிஎஃப்எஸ்ஸைச் சரிசெய்ய இன்றும் விண்டோஸின் செக்டிஸ்க்தான் வேண்டும். விண்டோஸை நீக்கிவிட்ட பிறகும் பழைய என்டிஎஃப்எஸ் பகுதியிலேயே எல்லாவற்றையும் வைத்திருப்பவர் இதை யோசிக்க வேண்டும்.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர் அறிய வேண்டிய செய்தி ஒன்றும் இங்கே உண்டு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் முறை, ‘கொ’ போன்ற எழுத்தில் உள்ள ஒகரக் குறியை ஒரே யூனிகோட் குறியாக வைத்துக்கொள்ளாமல் ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். லினக்ஸோ பெயரை வெறும் பைட் வரிசையாகப் பார்க்கும். மேக்கிலிருந்து லினக்ஸுக்கும் லினக்ஸிலிருந்து மேக்குக்கும் கோப்புகளை ஒத்திசைத்துக்கொண்டிருந்தால், கண்ணுக்கு ஒரே பெயராகத் தெரியும் இரண்டு கோப்புகள் ஒரே கோப்புறையில் நிற்கும். இரட்டிப்பு என்று ஒன்றை அழிக்கும்போது புதிய திருத்தங்கள் உள்ளது போய்விடலாம். ஆர்சிங்க் கருவியில் இதற்கான மாற்றுவசதி இருக்கிறது.

நேரமும் அப்படியே. கணினியின் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை வைக்கும். லினக்ஸ் கிரீன்விச் நேரத்தை வைக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் வித்தியாசம் ஐந்தரை மணி. இரண்டுக்கும் மாறி மாறிப் போகையில் கோப்புகளின் தேதி முன்னும் பின்னும் ஓடும்; “புதியது எது” என்று தேதியைப் பார்த்து முடிவெடுக்கும் பேக்கப் மென்பொருள் பழையதைப் புதியதன்மேல் எழுதிவிடும் வாய்ப்பு உண்டு. ஏதேனும் ஒரு பக்கத்தை மற்றதன் வழிக்கு மாற்றிவிட்டால் தீரும்.

கிளம்பவில்லை என்பதால் அழிந்துவிடவில்லை

விண்டோஸை மறுபடி நிறுவினால் அது பூட் செக்டாரைத் தனதாக்கிக்கொள்ளும், லினக்ஸ் கிளம்பாது. இது எல்லாரும் அறிந்தது. அவ்வளவாக அறியப்படாதது வேறொன்று. பழைய எம்பிஆர் வட்டுகளில் லினக்ஸைக் கிளப்பும் க்ரப் தன் நிரலின் ஒரு பகுதியை முதல் செக்டாருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் இடைப்பட்ட 62 செக்டார் இடைவெளியில் வைத்தது. விலை கொடுத்து வாங்கும் விண்டோஸ் மென்பொருள்கள் சில, உரிமச் சோதனைக்கான குறிப்பை அதே இடைவெளியில் ஒளித்து வைத்தன. அந்த மென்பொருளைத் திறந்தால் மறுநாள் லினக்ஸ் கிளம்பாது. சேதத்தைத் தாங்கிக்கொள்ள, க்ரப் 2-இல் பிழைதிருத்தும் குறிமுறையையே சேர்க்க வேண்டிவந்தது.

பயாஸுக்குப் பதிலாக யூஇஎஃப்ஐ வந்தபின் இந்தச் சண்டை பூட் கோப்புகளுக்கான தனிப் பகுதிக்கு இடம் மாறியது. 2024 ஆகஸ்ட் 13 அன்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பாதுகாப்பு அப்டேட், பழைய லினக்ஸ் பூட் நிரல்களை நம்பக்கூடாதவை என்று குறித்தது. இரட்டை பூட் கணினிகளை அது தொடக்கூடாது என்பது நோக்கம், தொட்டுவிட்டது. லினக்ஸ் வைத்திருந்தோர் பலருக்குப் பாதுகாப்பு விதிமீறல் என்ற செய்தியோடு கணினி நின்றது. நம்பத்தக்க பூட் நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்தால் லினக்ஸுக்குள் போய்விட முடிந்தது. அந்த அப்டேட் கோப்புகளைத் தொடவில்லை.

இன்னும் இரண்டு சந்தர்ப்பங்கள் மக்களைத் தேவையில்லாத மறுநிறுவலுக்குத் தள்ளுகின்றன. ஒன்று, வட்டுகளை நிர்வகிக்கும் இன்டெல் ஆர்எஸ்டி. பல மடிக்கணினிகளில் வட்டு இந்த முறையில் அமைந்திருப்பதால் லினக்ஸ் நிறுவிக்கு வட்டே தெரியாது. பயாஸில் ஏஹெச்சிஐ என்று மாற்றினால் லினக்ஸுக்குத் தெரியும். விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும். பழையபடி மாற்றினால் விண்டோஸ் திரும்பிவிடும். மாற்றுவதற்கு முன் விண்டோஸை சேஃப் மோடில் கிளம்பும்படி அமைத்துவிட்டால் சிக்கலே வராது. மற்றொன்று விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கர். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பல கணினிகளில் வட்டு தானாகவே குறியாக்கம் ஆகிவிடுகிறது. லினக்ஸ் நிறுவும்போது செக்யூர் பூட்டையோ பூட் வரிசையையோ தொட்டால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். வட்டு பூட்டியிருக்கிறது என்பதையே அறியாதவர் அந்தச் சாவியை எங்கே தேடுவார்? எதையும் தொடுமுன் அதைத் தம் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயரும் அளவும் ஏமாற்றுவது

விண்டோஸில் ‘டிஸ்க் 0’ என்பது லினக்ஸில் எஸ்டிஏ ஆக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. லினக்ஸிலேயே இன்று எஸ்டிஏ ஆக இருப்பது, பென் டிரைவ் செருகியிருந்தால் நாளை எஸ்டிபி ஆகலாம். எம்பிஆர் வட்டில் ஐந்தாவது பகுதியை அழித்தால் ஆறாவது ஐந்தாகிவிடும். அளவும் கைகொடுக்காது. 1 டிபி என்று வாங்கிய வட்டை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும்; மேக் 2009 முதல் 1 டிபி என்றே காட்டுகிறது; காரணம், ஒன்று இரண்டின் அடுக்காகவும் மற்றொன்று பத்தின் அடுக்காகவும் கணக்கிடுகிறது. விண்டோஸில் பார்த்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டு வேறொரு கருவியில் பகுதியைத் தேடுபவர் பக்கத்துப் பகுதியைத் தேர்ந்தெடுத்துவிடுவது இயல்பு. லேபிள் எழுதி வைத்திருப்பதும், வட்டின் தயாரிப்பு எண்ணை ஒப்பிடுவதும்தான் நம்பத்தக்க வழிகள்.

பகுதிகளைச் சுருக்குவதும் நகர்த்துவதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கடைசிப் பக்கத்தில் சுருக்கினால் சில கோப்புகள் மட்டும் இடம் மாறும். தொடக்கத்தை இடப்பக்கமோ வலப்பக்கமோ நகர்த்தினால் பகுதியில் உள்ள அத்தனையும் துண்டு துண்டாக நகல் எடுக்கப்படும். பாதியில் மின்சாரம் போனால் ஒரு பாதி பழைய இடத்திலும் மறுபாதி புதிய இடத்திலும் கிடக்கும். சிறிய பிழை என்ற என் பொதுவிதிக்கு இது விலக்கு. யுபிஎஸ் இல்லாத மேசைக்கணினியில் இதைச் செய்யவே கூடாது. ‘சி’யைச் சுருக்க விண்டோஸின் சொந்தக் கருவியே மேல்; தன் கோப்பு முறைமையை அது நன்றாக அறியும்.

மீட்பதும் டிரிம்மும்

அட்டவணை போனாலும் தரவை மீட்க முடிவதற்குக் காரணம், கோப்பு முறைமைகள் தங்கள் முக்கிய விவரங்களை ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வைப்பது. என்டிஎஃப்எஸ் தன் பூட் செக்டாரின் நகலைப் பகுதியின் கடைசியில் வைக்கிறது. இஎக்ஸ்டி4 தன் சூப்பர்பிளாக்கின் நகல்களைப் பல இடங்களில் வைக்கிறது. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் இந்த அடையாளங்களைத் தேடி, அட்டவணையை மறுபடி கட்டிக் கொடுக்கும், இலவசம். அதனோடு வரும் ஃபோட்டோரெக், அட்டவணையும் கோப்பகமும் போய்விட்டாலும் கோப்புகளை உள்ளடக்கத்தைக் கொண்டே பொறுக்கி எடுக்கும். பெயர்கள் மட்டும் கிடைக்காது. வட்டே பழுதாகிக்கொண்டிருந்தால் முதலில் டிடிரெஸ்க்யூ கொண்டு முழு நகல் எடுத்துவிட்டு, நகலில்தான் வேலை செய்ய வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனை: பிழை நேர்ந்த பிறகு அந்த வட்டில் ஒன்றும் எழுதாதிருப்பது. செக்டிஸ்க்கும் ஓட்டக்கூடாது, மீட்பு மென்பொருளையும் அதே வட்டில் நிறுவக்கூடாது.

இந்த ஆறுதல் ஹார்ட் டிஸ்க் காலத்துக்குரியது. எஸ்எஸ்டி வந்தபின் நிலைமை மாறிவிட்டது. 2009-இல் விண்டோஸ் 7 முதலும், அதையடுத்து லினக்ஸிலும், பயனில்லாத இடம் எது என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் கட்டளை வந்தது. ஒரு பகுதியை ஃபார்மட் செய்தால், ‘குவிக்’ ஃபார்மட்டாக இருந்தாலும், அந்த இடம் முழுவதும் காலி என்று எஸ்எஸ்டிக்கு அறிவிக்கப்படுகிறது. லினக்ஸில் இஎக்ஸ்டி4 உண்டாக்கும் கருவியும் இயல்பாகவே அப்படிச் செய்யும். அதன்பின் எந்த மென்பொருளுக்கும் பெரும்பாலும் வெற்றுப் பூஜ்ஜியங்களே கிடைக்கும். முன்பு தவறான பகுதியை ஃபார்மட் செய்தவருக்கு ஒரு வாய்ப்பு மீந்திருந்தது. இன்று அது சில நொடிகளில் மூடிவிடுகிறது. பழைய அனுபவத்தை நம்பி “எப்படியும் எடுத்துவிடலாம்” என்று சொல்லும் கடைக்காரரை எஸ்எஸ்டி விஷயத்தில் நம்ப வேண்டாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது

இவ்வளவையும் எடைபோட்டு நான் வந்தடையும் தீர்ப்பு: ஒரே வட்டில் இரண்டு இயங்குதளம் என்பது கடைசித் தேர்வாக இருக்க வேண்டும். கற்றுக்கொள்ள மட்டும் லினக்ஸ் வேண்டும் என்பவருக்கு விர்ச்சுவல் மெஷினோ, விண்டோஸுக்குள்ளேயே ஓடும் டபிள்யூஎஸ்எல்லோ போதும். பார்ட்டிஷனைத் தொடவே தேவையில்லை. உண்மையிலேயே இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு வட்டுகள் வையுங்கள். ஒன்றை நிறுவும்போது மற்றதைக் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் இரண்டின் பூட் கோப்புகளும் ஒரே வட்டில் போய்ச் சேர்ந்துவிடுவதுண்டு. ஒரே வட்டுதான் இருக்கிறது என்றால் முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ். இரண்டும் பங்கிடும் தரவுப் பகுதியை ஒரே பக்கத்திலிருந்து மட்டும் எழுதும்படி வைத்துக்கொண்டால் கவலை பாதி குறையும். பார்ட்டிஷன் அட்டவணையின் நகலை எஸ்ஜிடிஸ்க் கருவியில் ஒரு பென் டிரைவுக்கு எடுத்து வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

தமிழில் லினக்ஸ் நிறுவச் சொல்லித்தரும் காணொளிகளும் கையேடுகளும் இன்று நிறைய வருகின்றன. அவற்றைச் செய்வோரிடம் ஒரு வேண்டுகோள். நிறுவும் திரையைக் காட்டுவதற்கு முன், பிட்லாக்கர் சாவியை எடுப்பதையும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைப்பதையும் வெளி வட்டுக்கு பேக்கப் எடுப்பதையும் முழுதாகச் செய்து காட்டுங்கள். “பேக்கப் எடுத்துக்கோங்க” என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகராதீர்கள். பார்ப்பவரிடம் இருப்பது அந்த ஒரு கணினி மட்டுமே.